மண்ணுக்கடியில் இருந்து – 17: பெய்ரோனின் மஞ்சள் உப்பு

முதலில் உப்புத் தண்ணீர் ஏறும். ஒரு பை, இரண்டு பை, சில சமயம் இரவு முழுக்க. ஜொகூர் பாரு பண்டானில் இருக்கும் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை ஆனாலும் சரி, சென்னை அடையாறு ஆனாலும் சரி, மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆனாலும் சரி, எலும்புப் புற்றுநோய்க்கு இந்தக் கீமோ போடும்போது கட்டிலருகே நடக்கும் வரிசை பெரிதாக மாறாது. உப்புத் தண்ணீர், வாந்தியை அடக்கும் ஊசி, பிறகு பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும் ஒரு மருந்து. அது இறங்கி முடிந்ததும் மறுபடியும் உப்புத் தண்ணீர். பிள்ளை எத்தனை தடவை சிறுநீர் கழித்தான், எத்தனை மில்லி என்று தாதி அளந்து எழுதிக்கொண்டே இருப்பார். அம்மாக்களுக்குப் புரியாத சடங்கு இது. கட்டி இருப்பதோ முழங்காலில், இவர்கள் ஏன் மூத்திரத்தை அளக்கிறார்கள்?

அந்தத் தெளிந்த நீரில் கரைந்திருப்பது பிளாட்டினம். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் தங்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் அதே உலோகம்தான். மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு 120 மில்லிகிராம் என்பது எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு சுற்றின் வழக்கமான அளவு. பதினான்கு வயதுப் பையனின் உடம்புப் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்து, நான்கு சுற்றுக்கும் கூட்டி, மருந்தின் எடையில் பிளாட்டினம் மட்டும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சின்ன மூக்குத்தி ஒன்றின் எடை. ஒரு காலைக் காப்பாற்றுவதும், சில வேளை ஓர் உயிரைக் காப்பாற்றுவதும் அந்த மூக்குத்திதான். காதையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதும் அதே மூக்குத்திதான்.

சென்ற இதழில் 1985 அக்டோபர் 24 அன்று லண்டன் சந்தையில் வெள்ளீயம் விழுந்ததையும், அதோடு நம் ஈயக்குட்டைகள் மீன்குட்டைகளாக மாறியதையும் பார்த்தோம். இந்த இதழிலும் வெள்ளீயத்திடம் திரும்பி வருவோம். ஆனால் பிளாட்டினத்தின் வீட்டு வாசல் வழியாக.

பிளாட்டினத்துக்கு ஆரம்பத்தில் மரியாதையே கிடையாது. இன்றைய கொலம்பியாவின் ஆற்று மணலில் தங்கம் அரித்த ஸ்பானியர்களுக்கு அது ஒரு தொல்லை. உருகவும் மாட்டாது, தங்கத்தோடு கலந்தால் தெரியவும் செய்யாது. கனம் மட்டும் தங்கத்துக்கு மேல். கள்ளத் தங்கம் செய்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டதால் அதிகாரிகள் அதை வாரி ஆற்றிலேயே கொட்டவைத்தார்கள். அவர்கள் வைத்த பெயரே ஒரு கேலி: 'பிளாட்டினா', குட்டி வெள்ளி.

அங்கிருந்து நேராக 1844க்குப் போகலாம். ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக் என்ற பெரிய வேதியியலாளரின் ஆய்வுக்கூடம் இருந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். இத்தாலியின் மொண்டோவி ஊரில் 1813இல் பிறந்த மிக்கேலே பெய்ரோனே அவர்களில் ஒருவர். மருத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்குத் தாவியவர். பிளாட்டினக் குளோரைடையும் அமோனியாவையும் சேர்த்து, அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த ஒரு பச்சை உப்பைத் தயாரிக்கப் பார்த்தார். பச்சையோடு மஞ்சளும் கிடைத்தது. எடை போட்டுப் பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் அதே பொருள்கள், அதே விகிதம். ஆனால் நிறம் வேறு, குணம் வேறு. அவருக்கு அது ஒரு புதிர். கண்டதை எழுதி வெளியிட்டார். வேதியியலாளர்கள் அதற்குப் 'பெய்ரோனின் உப்பு' என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மருத்துவம் படித்த அந்த மனிதர் 1883இல் இறந்தார். தான் செய்த மஞ்சள் தூள் ஒரு மருந்து என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நடுவில் ஆல்ஃபிரட் வெர்னர் வருகிறார். வயது 26. இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து விழித்து, மனத்தில் உதித்ததை மறுநாள் மாலை வரை எழுதிக்கொண்டே இருந்தாராம். 1893இல் வெளிவந்த அந்தக் கருத்துதான் உலோகச் சேர்மங்களின் இலக்கணத்தையே மாற்றியது. 1913இல் அவருக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்தது. கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளாட்டினம். நான்கு பக்கமும் நான்கு ஆட்டக்காரர்கள்: இரண்டு பேர் குளோரின், இரண்டு பேர் அமோனியா. ஜோடி ஆட்டத்தில் கூட்டாளிகள் எதிரெதிரே உட்காருவார்கள் அல்லவா? அப்படி உட்கார்ந்தால் அது ஒரு பொருள். கூட்டாளிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது வேறொரு பொருள். பெய்ரோனின் மஞ்சள் உப்பு இந்த இரண்டாவது வகை. ஆள் அதே நால்வர்தான், மாறியது இருக்கை மட்டுமே. இந்த இருக்கைக் கணக்கை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

இனி வருவது, எனக்குத் தெரிந்த அறிவியல் கதைகளிலேயே மிகவும் பிடித்த ஒன்று. காரணம், கதாநாயகன் தேடியது ஒன்று, கண்டது வேறொன்று.

பார்னெட் ரோசன்பெர்க் மருத்துவர் அல்லர், வேதியியலாளரும் அல்லர். நியூயார்க்கில் 1926இல் பிறந்த இயற்பியலாளர். 1961இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியலுக்கென்று ஒரு துறையை நிறுவ அழைக்கப்பட்டார். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் படத்தை நுண்நோக்கி வழியே பார்த்தபோது அவருக்குப் பள்ளிக்கூட நினைவு வந்தது. காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவினால் இரு முனைகளுக்கும் இடையே வளைவு வளைவாகக் கோடுகள் விழுமே, அச்சு அசலாக அதே உருவம். அப்படியானால் மின்புலமோ காந்தப்புலமோ உயிரணு பிரிவதை மாற்றக்கூடுமோ? இயற்பியலாளர் ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். உயிரியல் படித்தவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

ஈ.கோலி என்ற பாக்டீரியா வளரும் திரவத்துக்குள் இரண்டு மின்முனைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார்கள். மின்முனைக்கு எந்த உலோகம்? எதனோடும் வினைபுரியாத, சோம்பேறி உலோகம் வேண்டும் என்று பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் பாக்டீரியா பிரிவதை நிறுத்தியது, ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை. நூல் நூலாக நீண்டது. சில இழைகள் வழக்கமான நீளத்தைப் போல் 300 மடங்கு. ரோசன்பெர்க்கின் கருத்து பலித்துவிட்டது போலத் தோன்றியது.

பலிக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த லொரெட்டா வான் கேம்ப்பும் தாமஸ் கிரிகாஸும் மற்றவர்களும் ஒவ்வொரு காரணமாகத் தள்ளிப் பார்த்தார்கள். மின்சாரம் பாய்ச்சிவிட்டு நிறுத்திய திரவத்தில் புதுப் பாக்டீரியாவை விட்டாலும் அது நீண்டது. ஆக, மின்சாரம் குற்றவாளி அல்ல. திரவத்தில் ஏதோ கரைந்திருக்கிறது. சோம்பேறி என்று நம்பிய பிளாட்டினம், திரவத்திலிருந்த அமோனியம் குளோரைடோடு மின்சாரத்தின் தூண்டுதலால் மெல்ல மெல்லச் சேர்ந்து, வெளிச்சம் பட்டு உருமாறி, நூற்றிருபது ஆண்டு பழைய ஒரு பொருளின் உறவுக்காரர்களாக மாறியிருந்தது. அந்தப் பழைய பொருள், பெய்ரோனின் உப்பு!

முதல் கட்டுரை 1965இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பாக்டீரியா பிரிவதை நிறுத்துமென்றால், தறிகெட்டுப் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றணுவையும் நிறுத்துமா? எலிகளில் சோதித்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை வகை கட்டியைக் கரைத்தது. எதிரெதிர் இருக்கை வகை ஒன்றுமே செய்யவில்லை. 1969இல் இரண்டாவது கட்டுரை. 1971இல் முதல் மனித நோயாளி. 1978 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் விந்தகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் இதை அனுமதித்தது.

நடுவில் ஒரு கட்டத்தில் மருந்து குப்பைக்குப் போயிருக்க வேண்டும். ஆரம்பகால நோயாளிகளின் சிறுநீரகங்கள் பழுதாயின. வாந்தியோ நிற்கவே இல்லை. கட்டி கரைகிறது, ஆனால் ஆள் தாங்கவில்லை. 1970களின் நடுவில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் எஸ்தெபான் சிவிட்கோவிச் என்ற இளம் மருத்துவரும் குழுவினரும் வெகு எளிமையான ஒன்றைச் செய்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியே நிறையத் தண்ணீர் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் மேனிட்டாலையும் சேர்த்து, பிளாட்டினத்தைச் சிறுநீரகத்தில் தங்கவிடாமல் கழுவித் தள்ளினார்கள். பண்டானில் தாதி மில்லிக் கணக்கு எழுதுவது அந்தக் கண்டுபிடிப்பின் வால்.

உப்புக்கு வேறொரு பங்கும் உண்டு, இது இன்னும் நுட்பமானது. நம் இரத்தத்தில் குளோரைடு நிறைய. அது சூழ்ந்திருக்கும் வரை சிஸ்பிளாட்டின் தன் இரண்டு குளோரின்களையும் விடாமல் பிடித்துக்கொண்டு சாதுவாக நீந்தும். உயிரணுவுக்குள் குளோரைடு மிகக் குறைவு. கடலிலிருந்து ஜொகூர் ஆற்று முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி நன்னீருக்கு வந்துவிட்ட படகு மாதிரி. அங்கே குளோரின்கள் கழன்று விழ, அந்த இடத்தில் தண்ணீர் வந்து ஒட்ட, பிளாட்டினத்துக்குப் பல் முளைக்கிறது. டி.என்.ஏ. ஏணியின் அடுத்தடுத்த இரண்டு படிகளை அந்த இரண்டு காலி இருக்கைகளாலும் பற்றி இழுத்து வளைத்துவிடுகிறது. வளைந்த ஏணியைப் படியெடுக்க முடியாமல் உயிரணு சாகிறது. எதிரெதிர் இருக்கைக்காரர்களால் அடுத்தடுத்த படிகளை இப்படிச் சேர்த்துப் பிடிக்க முடியாது. வெர்னரின் கேரம் பலகை இங்கேதான் தேவைப்பட்டது.

இனி எலும்புக்கு வருவோம்.

எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் முதலிடம் ஆஸ்டியோசார்கோமாவுக்கு. அரிதான நோய்தான். ஆனால் அது தேர்ந்தெடுக்கும் வயதுதான் கொடுமை: எலும்பு சரசரவென்று நீளும் பத்திலிருந்து இருபதுக்குள். அது தேர்ந்தெடுக்கும் இடமும் அப்படியே. எலும்பு அதிகம் வளரும் முழங்காலுக்கு மேலும் கீழும்தான் ஏறத்தாழ பாதிக் கட்டிகள் வருகின்றன. பந்து விளையாடும் வயது, பந்து விளையாடும் கால். வலி என்றதும் விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று வீட்டில் நினைப்பார்கள். கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தோட்டத்து லயன்களில் வளர்ந்த என் தலைமுறைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்: தைலம், ஒத்தடம், பிறகு உருவிவிடத் தெரிந்த ஒரு பெரியவர். சீனரானால் அவர்களுடைய எலும்பு வைத்தியர், மலாய்க்காரரானால் ஊருட் போடுபவர். இதில் மட்டும் மூன்று இனத்துக்கும் பேதமில்லை. சுளுக்குக்கு இது சரி. கட்டி இருக்கும் எலும்பை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. அதைவிட ஆபத்து, அதில் கழிந்துபோகும் வாரங்கள். இரவில் எழுப்பும் வலி, ஓய்விலும் குறையாத வலி, முழங்காலருகே நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம், இவற்றுக்கு முதலில் வேண்டியது ஓர் எக்ஸ்ரே. இதை எழுதாமல் இந்த அத்தியாயத்தைக் கடக்க மனம் வரவில்லை.

1970 வரை இந்த நோய்க்கு ஒரே பதில்தான் இருந்தது. காலை எடுப்பது. எடுத்தும் ஐந்தில் நான்கு பேர் இறந்தார்கள். கட்டி தெரிய வரும்போதே கண்ணுக்குத் தெரியாத விதைகள் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால், காலை எவ்வளவு மேலே வெட்டினாலும் பயனில்லை. 1972 வாக்கில் டாக்சோரூபிசின், அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்துகள் வந்தன. பிறகு சிஸ்பிளாட்டின் அவற்றோடு சேர்ந்தது.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் இந்த இடைக்காலத்துப் பிள்ளை. 1977இல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம், இப்போது 50 சதவீதம் என்று அவரிடம் சொன்னார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துகொண்டார். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டதால் தண்டர் பே நகருக்கு அருகே நின்றார். 1981 ஜூன் 28 அன்று இறந்தார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் கோலாலம்பூர் வரை வந்தது.

அவருடைய ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். அதே காலத்தில் மருத்துவர்களுக்குள் நடந்த சண்டை அவ்வளவாகத் தெரியாது. கீமோவால்தான் பிள்ளைகள் பிழைக்கிறார்களா, அல்லது அறுவை சிகிச்சை மேம்பட்டதாலா? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, அறுவை சிகிச்சை மட்டும் செய்தவர்களிலேயே பாதிப் பேர் பிழைக்கிறார்கள் என்று கணக்கு காட்டியது. அப்படியானால் இத்தனை வாந்தியும் முடி கொட்டுவதும் வீணா? தீர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கீமோ கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்ப்பது. பிள்ளைகளை வைத்தா இந்தச் சோதனை என்று பலர் கொதித்தார்கள். சீட்டுக் குலுக்கலுக்குச் சம்மதித்த குடும்பங்கள் 36தான். முடிவு 1986இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள்: அறுவை மட்டும் செய்த பிரிவில் 17 சதவீதம், சிஸ்பிளாட்டினும் அடங்கிய கீமோ பெற்ற பிரிவில் 66 சதவீதம். அத்தோடு வாதம் முடிந்தது. 36 வீடுகள் கொடுத்த விலையில் கிடைத்த விடை அது. என்னால் அந்த 17ஐ வெறும் எண்ணாகப் படிக்க முடிவதில்லை.

அதற்குப் பிறகு காலை வெட்டுவதும் குறைந்தது. கீமோவால் கட்டியைச் சுருக்கிவிட்டு, கெட்ட எலும்பை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் உலோக எலும்பை வைப்பது வழக்கமாயிற்று. வெளிநாட்டு உலோக மூட்டின் விலை நம் போன்றவர்கள் வீட்டை விற்கும் விலை. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்து, ஒவ்வொரு நோயாளியின் எலும்பையும் அளந்து, அந்த அளவுக்கென்றே மூட்டுகளை உள்நாட்டில் செய்வித்துப் பொருத்தினார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மும்பை டாடா மருத்துவமனை வேறொரு கணக்கைப் போட்டது. அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், செலவு அதிகம், கவனிப்பும் அதிகம். அதை விட்டுவிட்டு டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐஃபோஸ்ஃபமைடு மூன்றை மட்டும் வைத்து ஒரு முறையை வகுத்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டவர்களும் பிளாட்டினத்தை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. விடவே முடியவில்லை. 2005 முதல் 2011 வரை 17 நாடுகள் சேர்ந்து, 2,260 நோயாளிகளைப் பதிவு செய்து, யூராமோஸ் என்ற மாபெரும் சோதனை நடத்தின. முதல் கீமோவுக்குச் சரியாக மடியாத கட்டிகளுக்கு மேலும் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் பலன் கூடுமா என்பது கேள்வி. கூடவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. பரவாத நோயில் பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கு 1980களில் நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது. பிளாட்டினம் காதைக் கெடுப்பதைத் தடுக்க சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்துக்குக் குழந்தைகளுக்கென அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2022இல். சிஸ்பிளாட்டின் வந்து 44 ஆண்டுகள் கழித்து.

பிளாட்டினத்தால் முடிந்தது மற்ற உலோகங்களால் முடியாதா என்று ஆய்வாளர்கள் தேடாமலா இருப்பார்கள்? ருத்தேனியத்தில் இத்தாலியின் திரியேஸ்தே நகரத்தார் ஒரு சேர்மம் செய்தார்கள். கட்டியைவிடக் கட்டியின் பரவலைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. நுரையீரலுக்குப் பரவித்தான் எலும்புப் புற்றுநோய் ஆளைக் கொல்கிறது என்பதால், இது வென்றிருந்தால் பெரிய செய்தி. மனிதர்களில் சோதனை வரை போய்த் தளர்ந்தது. மூட்டுவாதத்துக்கு 1985 முதல் விழுங்கப்படும் ஆரனோஃபின் என்ற தங்கச் சேர்மத்தை எலும்புப் புற்றுநோய் வந்த நாய்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய நாய்களுக்கு இந்த நோய் மனிதரைவிட அதிகம் வரும், பார்க்கவும் மனித நோய் மாதிரியே இருக்கும்.

வெள்ளீயத்துக்கும் முறை வந்தது. நமக்கு இது வீட்டுக் கதை. மலாயா உட்பட வெள்ளீயம் விளைந்த நாடுகளின் பணத்தில் லண்டனில் ஒரு வெள்ளீய ஆய்வு நிலையம் 1930களிலிருந்தே நடந்துவந்தது. வெள்ளீயத்துக்குப் புதுப் புது உபயோகம் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. விலை விழாமல் இருக்க அதுவும் ஒரு வழி. 1980 வாக்கில் அங்கிருந்த குரோவும் ஸ்மித்தும், பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த அத்தாசியோடு சேர்ந்து, சிஸ்பிளாட்டினின் சாயலில் கரிம வெள்ளீயச் சேர்மங்களைச் செய்து எலிகளில் பார்த்தார்கள். எலியின் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அவை வேலை செய்தன. கெட்டியான கட்டிகளிடம் செல்லுபடியாகவில்லை. கரிம வெள்ளீயச் சேர்மம் எதுவும் மருத்துவமனைப் பைக்குள் போய்ச் சேரவில்லை. ஆனாலும் மலேசியப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளில் வெள்ளீயம், செம்பு, துத்தநாகம் இவற்றின் சேர்மங்களைச் செய்து புற்றணுக்களின் மேல் ஊற்றிப் பார்க்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது. அவ்வப்போது நாளிதழில் தலைப்பு வரும்: புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு.

தலைப்பைப் படித்ததும் எனக்கு நினைவு வருவது தெப்ராவ் நீரிணையின் நத்தைகள்தான்.

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஓடும் அந்த நீரிணையில் நாள்தோறும் கப்பல் போகிறது. கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க 1960களிலிருந்து ஒரு சாயம் பூசினார்கள். அதில் இருந்தது டிரைபியூட்டைல் டின், அதுவும் கரிம வெள்ளீயச் சேர்மம்தான். லிட்டர் நீரில் ஒரு சில நானோகிராம் கரைந்தாலே போதும், பெண் கடல் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கிறது; முற்றிய நிலையில் முட்டையிட முடியாமல் இனமே அற்றுப்போகிறது. தென் ஜொகூர்க் கரைகளில் பொறுக்கிய நத்தைகளிலும் மலேசிய ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சாயத்தைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தட்டில் கிடக்கும் புற்றணுவைக் கொல்வது பெரிய காரியமல்ல, குளோராக்ஸ் ஊற்றினாலும் சாகும். பக்கத்தில் இருக்கும் நல்ல உயிரணுவை விட்டுவைப்பதுதான் காரியம். பிளாட்டினமே அதை அரைகுறையாகத்தான் செய்கிறது, அதற்கே அத்தனை உப்புத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

உடனே நம்மவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: சித்தர்கள் இதையெல்லாம் அன்றே செய்துவிட்டார்களே? பற்பம், செந்தூரம், ரசகந்தி மெழுகு? உலோகத்தை மருந்தாக்க முடியும் என்ற துணிச்சல் அந்த மரபில் இருந்தது உண்மை. அப்படியே உண்டால் விஷம், உருவை மாற்றினால்தான் மருந்து என்ற பிடிவாதமும் இருந்தது. சுத்தி செய்யாத பாடாணத்தைத் தொடக்கூடாது என்று அந்த வைத்தியர்களே சொல்வார்கள். வெர்னரின் இருக்கைக் கணக்கு படித்தவன் இதைக் கேலி செய்யமாட்டான். ஆனால் உருவை மாற்றியாயிற்றா என்று எப்படித் தெரியும்? ஜொகூர் பாருக் கடையில் சீட்டு ஒட்டாத டப்பாவில் விற்கும் சிவப்புத் தூளுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்தின் எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி ஆங்கில 'T' எழுத்தில் முடியும். கன உலோகங்களுக்குச் சோதித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். கீமோ நடக்கும்போது சிறுநீரகம் ஏற்கெனவே பிளாட்டினத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் தலையில் பாதரசத்தையும் ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளர்கள் எலும்பையும் உலோகத்தையும் வேறு பக்கமிருந்து அணுகியிருக்கிறார்கள். அங்கே ஆராயப்படும் மக்னீசியக் கலவைகள், முறிந்த எலும்பு சேரும் வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு உடம்புக்குள்ளேயே மெல்லக் கரைந்துபோக வேண்டும் என்று வகுக்கப்பட்டவை. எலும்புக்கு மக்னீசியம் அந்நியமல்ல என்பதால் இது நடக்கக்கூடிய காரியம்.

எலும்பின் குணம் அப்படி. கால்சியத்தைக் கட்டிக்கொண்டே வாழும் உறுப்பு அது. கால்சியத்தின் சாடையில் எது வந்தாலும் உறவென்று நம்பி உள்ளே விட்டுவிடும். ஸ்ட்ரான்சியம் வந்தாலும் விடும். சமாரியத்தைத் தகுந்த மூலக்கூறில் கட்டி அனுப்பினால் அதையும் விடும். இந்தச் சமாரியம், நம் ஈயக்குட்டைகளில் மிஞ்சும் ஆமாங் மணலிலும் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலும் இருக்கும் மோனசைட்டுக்குள் ஒளிந்திருப்பது. ரேடியத்தையும் எலும்பு விடும். அப்படி விட்டதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்பது வேறொரு ஊரின் கதை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊர். ஆண்டு 1917. இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரங்களுக்கு எண் எழுத ஒரு தொழிற்சாலையில் இளம் பெண்களை வேலைக்குச் சேர்க்கிறார்கள். நல்ல சம்பளம். எண்கள் மெல்லியதாக விழ வேண்டும். தூரிகையின் நுனி பிரிந்துவிடும்போதெல்லாம் அதை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள்.

(தொடரும்)